ஊட்டிக்கு கார்ல போறீங்களா? ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி பாலிசியைத் திறந்து பாருங்க

கோடை லீவு நெருங்கினா பெருங்களத்தூர்ல இருந்து சிறுசேரி வரைக்கும் எந்த ஆபீஸ் கேன்டீன்லயும் இதே பேச்சுதான்: "மச்சி, வெள்ளிக்கிழமை நைட் கிளம்பி ஊட்டி போயிட்டு வந்துடலாமா?" உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு எக்செல் ஷீட். பெட்ரோல், டோல், ரூம், சாப்பாடு எல்லாம் அதுல இருக்கும். ஆனா உங்க மொத்த சேமிப்பையும் காலி பண்ணக்கூடிய ஒரு விஷயம் மட்டும் இருக்காது. யாரோட கார்ல போறீங்க, அந்த காருக்கு என்ன இன்சூரன்ஸ் இருக்கு?

சின்ன கணக்கை முதல்ல முடிச்சுடுவோம். தாம்பரத்துல இருந்து சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியா ஊட்டி சுமார் 530 கிலோமீட்டர். போக, வர, அங்க சுத்த எல்லாம் சேர்த்து 1,200. லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வெச்சா பெட்ரோல் 8,000 ரூபாய். நாலு பேருக்குப் பிரிச்சா தலைக்கு 2,000. டோல், பரனூர்ல ஆரம்பிச்சு வழி நெடுக வரும். ஃபாஸ்டேக்ல பேலன்ஸ் இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாருங்க. 2025 நவம்பர்ல வந்த விதிப்படி, டேக் வேலை செய்யாம யூபிஐ-ல கட்டினா 1.25 மடங்கு கட்டணம். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருஷ பாஸ், மாசாமாசம் சொந்த ஊருக்கு கார்ல போறவங்களுக்கு லாபம். ஒரே ஒரு ஊட்டி டிரிப்புக்காக அதை வாங்க வேண்டாம்.

இப்போ பெரிய கணக்கு.

குரூப்ல யார்கிட்டயும் கார் இல்லைன்னா, "தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கார் வாடகைக்குத் தர்றார், ரேட்டும் கம்மி"ன்னு ஒருத்தர் சொல்வார். வண்டி வந்து நிக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்க. வெள்ளை போர்டுல கறுப்பு எழுத்துன்னா அது சொந்த உபயோக வண்டி. தனியார் கார் பாலிசியில வாடகைக்கு விடக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கும். கொண்டை ஊசி வளைவுல வண்டி தடுப்புச் சுவர்ல மோதினா, வாடகைக்கு ஓடினது தெரிஞ்ச உடனே கம்பெனி க்ளெய்மை நிராகரிக்கலாம். அப்புறம் அந்த அண்ணன் ரிப்பேர் பில்லை யார்கிட்ட நீட்டுவார்? ஓட்டின உங்ககிட்டதான். எதிர்ல வந்தவருக்கு அடிபட்டா விஷயம் இன்னும் பெருசு. இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்கு நஷ்டஈடு கொடுத்துட்டு, அந்தப் பணத்தை வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்ட கேஸ்கள் நிறைய இருக்கு. முறையான செல்ஃப் டிரைவ் வண்டிக்கு கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கும். வாடகை கொஞ்சம் கூடத்தான். அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

சரி, நண்பரோட சொந்தக் கார், வாடகை கிடையாது. அப்பவும் ஒரு கேள்வி இருக்கு. பழைய காராச்சேன்னு பிரீமியம் குறையறதுக்காக தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருக்காரா? "கூட உட்கார்ந்து வர்ற நாமளும் தேர்ட் பார்ட்டிதானே"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில, தனியார் கார்ல சும்மா கூட வர்ற பயணிகளுக்கு கவர் கிடையாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலதான் அவங்களும் வருவாங்க. அதே மாதிரி, ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்து கவர் ஓனருக்கு மட்டும்தான். பாதி ராத்திரியில "நீ தூங்குடா, நான் ஓட்டுறேன்"னு ஸ்டியரிங் பிடிக்கிற நண்பருக்கு அது கிடைக்காது. பயணிகளுக்கான விபத்து கவரை சில நூறு ரூபாய்ல கூடுதலா சேர்க்க முடியும். எக்செல் ஷீட்ல அதுக்கும் ஒரு வரி போடுங்க. எம்பரிவாஹன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டா இன்சூரன்ஸ் தேதி, புகை சர்டிஃபிகேட் ரெண்டுமே தெரிஞ்சுடும். ஆனா அது எந்த வகை பாலிசின்னு தெரிய, நண்பர்கிட்ட பாலிசி பிடிஎஃப் கேட்டு வாங்கிப் பாருங்க. கேட்க சங்கடமாத்தான் இருக்கும். கேளுங்க.

ஆபீஸ் கொடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டை போன்ல சேவ் பண்ணிக்கோங்க. கோயம்புத்தூர்ல எந்தெந்த ஆஸ்பத்திரியில கேஷ்லெஸ் இருக்குன்னும் ஒரு தடவை பார்த்து வைங்க.

நீலகிரிக்குள்ள போக 2024 மே 7-லிருந்து இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. 2025 சீசனுக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில 8,000-னு உச்சவரம்பும் வெச்சாங்க. அதனால இ-பாஸ் கையில வந்த பிறகு, திருப்பித் தராத ரூமுக்கு பணம் கட்டுங்க. பாஸ் இலவசம். காசு கேட்கிற வெப்சைட் எதுவா இருந்தாலும் மூடிடுங்க. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க, பிளாஸ்டிக் பாட்டிலோட போனா அபராதம்.

மலை ஏறுறதைவிட இறங்குறதுதான் கஷ்டம். நம்ம ஜிஎஸ்டி ரோட்டு பழக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா பிரேக் சூடாகி பிடிக்காமப் போயிடும். ரெண்டாவது கியர்ல, இன்ஜின் பிடியிலயே இறங்கணும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். கூகுள் மேப் கல்லட்டி வழியா மசினகுடிக்கு குறுக்கு வழி காட்டினா இறங்காதீங்க. வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் இறங்க விடறதில்லை.

அப்புறம், ஒன்பது மணி நேரம் வேலை பார்த்துட்டு வெள்ளிக்கிழமை ராத்திரியே 530 கிலோமீட்டர் ஓட்டணுமா? எனக்கு அதுல உடன்பாடு இல்லை. சென்ட்ரல்ல இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி காலையில மேட்டுப்பாளையத்துல விடுது. அங்கிருந்து மஞ்சள் போர்டு டாக்சி பிடிச்சா, மலையை நல்லா தெரிஞ்ச ஒருத்தர் ஓட்டுவார், நீங்க ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கலாம். கார்ல தான் போவோம்னா சனிக்கிழமை விடிகாலை கிளம்புங்க, திங்கட்கிழமைக்கு இப்பவே லீவு போட்டுடுங்க.