உங்களுக்குத் தெரியுமா? ஆற்றின் அடிமண் யாருக்குச் சொந்தம்?

● நாகூரில் வெட்டாறும் நாகப்பட்டினத்தில் கடுவையாறும் கடலில் சேர்கின்றன. அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மண்ணை அரசின் சொத்து என்று எழுதி வைத்தது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஆறு, ஓடை, ஏரி, குளம், வாய்க்கால் எல்லாமே அதில் அடக்கம். கடலிலும் கழியிலும் உயர் ஓத எல்லைக்குக் கீழே உள்ள தரையும் அப்படியே.

● அந்த ஆற்றில் படகு போகுமா என்று நம் சட்டம் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஆற்றின் அடிமண் அரசுக்கா என்பதற்கு அதுதான் அளவுகோல். அணைகள் நிற்கும் ஆற்றடி நிலத்துக்கு மின் நிறுவனத்திடம் வாடகை கேட்ட மொன்டானா மாநிலத்துக்குச் சாதகமாக இருந்த தீர்ப்பை, இந்தக் கேள்வியை வைத்தே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது. அதே அளவுகோல் இங்கே இருந்திருந்தால், கோடையில் காய்ந்து கிடக்கும் நம் வாய்க்கால்கள் எப்போதோ வயலாகவும் மனையாகவும் மாறியிருக்கும்.

● ஜமீன்தார், இனாம்தார் சொத்துகளுக்கு நம் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கு இருந்தது. ஜமீன் பகுதிகளின் ஆறுகளையும் ஏரிகளையும் அரசின் வசம் கொண்டுவந்தது 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்.

● கோதாவரி முகத்துவாரத்தில் வண்டல் சேர்ந்து தீவுகள் எழுந்தன. 'நாங்கள் ஆண்டு அனுபவித்த நிலம்' என்று உரிமை கோரினார்கள் சிலர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கரையை ஒட்டிய கடலின் தரையில் முளைத்த தீவு அரசுக்கே என்று 1916-இல் தீர்ப்பு வந்தது. அனுபவ பாத்தியதையை அரசுக்கு எதிராக நிலைநாட்ட அன்று 60 ஆண்டு வேண்டும். 1963-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 30 ஆக்கிவிட்டது. நீர்நிலைகளைப் பொறுத்தவரை இது கவலை தரும் குறைப்பு.

● நம் நாகப்பட்டினம் மாவட்டம் நாட்டுக்கே தந்த வழக்கு ஒன்று உண்டு. கடலோர வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கிக் குடிநீரும் உப்பானபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தம் துணைவியார் கிருஷ்ணம்மாளோடு சேர்ந்து மக்களைத் திரட்டிப் போராடினார். 1994-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, ஓத எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பாரம்பரிய முறை வளர்ப்புக்கு மட்டும் விலக்கு. இரண்டே நாளில், பியாஸ் ஆற்றை ஒரு ஓட்டல் திசைதிருப்பிய வழக்கில் அதே அமர்வு இன்னொன்றும் சொன்னது: ஆறும் கடற்கரையும் மக்களுக்காக அரசு காக்கும் அறங்காவல் சொத்து, தனியார் லாபத்துக்குத் தாரை வார்க்கும் உரிமை அரசுக்கும் கிடையாது. இறால் தீர்ப்பின் கடுமையை 2005-இல் நாடாளுமன்றம் தளர்த்தியது. 500 மீட்டர் 200 ஆனது.

● ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவருக்கு வருவாய்த் துறை போடும் 'பி மெமோ' பட்டாவுக்கு முதல் படி என்று பலர் நம்புகிறார்கள். அது ஆக்கிரமிப்புக்கான தண்டம். எத்தனை ஆண்டு கட்டினாலும் அந்த ரசீது நிலத்தின் மேல் உரிமை தராது. அதைக் காட்டி யாராவது மனை விற்க வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் புறம்போக்கு என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.