வடிவமைப்பு அறிவியல் நோக்கில் தமிழ்99 விசைப்பலகை

முன்னுரை

கணினியில் தமிழை உள்ளிட உதவும் விசைப்பலகையைத் தமிழியலார் பெரும்பாலும் ஒரு கருவியாகவே கருதுவர். கருவியொன்றை உருவாக்குவதும் ஆய்வாகுமா என்னும் வினாவுக்குத் தகவல் முறைமைத் துறையின் ‘வடிவமைப்பு அறிவியல்’ ஆம் என விடையளிக்கிறது. அவ்வணுகுமுறையைத் தமிழ்99 கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணுகுமுறை

இயற்கை அறிவியல் உள்ளதை விளக்குகிறது. வடிவமைப்பு அறிவியல் தேவைக்குரியதைப் படைத்து, அதன் பயனைச் சோதித்து அறிவு பெறுகிறது. ஹெர்பர்ட் சைமன் 1969இல் செயற்கைப் பொருள்களின் அறிவியல் குறித்து எழுதிய நூல் இதற்கு வித்திட்டது. 2004இல் ஹெவ்னர் உள்ளிட்ட நால்வர் இதற்கு ஏழு நெறிகளை வகுத்தனர். தேவை மெய்யானதாக இருத்தல், பயன் முறையாக மதிப்பிடப்படல், பெற்ற அறிவு பிறருக்குப் பதிவாதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

படைப்பு

1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம்99 மாநாட்டையடுத்துத் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. தமிழெழுத்துகள் 247 எனினும், 12 உயிரும் 18 மெய்யுமே இதன் அடிப்படை விசைகள். உயிர்கள் இடப்புறமும் மெய்கள் பெரிதும் வலப்புறமும் அமைந்துள்ளன. மெய்விசை அகரமேறிய எழுத்தைத் தரும். அதே மெய் இரட்டித்தாலும், மெல்லெழுத்தை அடுத்து அதன் இன வல்லெழுத்து வந்தாலும், முன்னெழுத்தில் புள்ளி தானே தோன்றும். ‘பங்கு’ என எழுத ப, ங, க, உ என்னும் நான்கு விசைகள் போதும். மெய்ம்மயக்கம் என்னும் இலக்கணச் செய்தி இங்கு வடிவமைப்பு விதியாகிறது.

மதிப்பீடு

விதியின் எல்லையைப் பயன்பாடே காட்டும். ஈழத்தமிழர் பலர் கணினியைக் ‘கணணி’ என எழுதுவர். அதனை எழுத்துக்கு ஒரு விசையாகத் தட்டினால் ‘கண்ணி’ என்றாகும். முதல் ணகரத்தின்பின் அகர விசையையும் தட்டவேண்டும். பயனரைப் பொறுத்தும் மதிப்பீடு வேறுபடும். தட்டச்சுப் பொறியில் பயின்ற சென்னை எழுத்தரின் விரல்கள் வேறொரு வரிசைக்குப் பழகியவை. பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் முதலில் கற்கும் மொன்றியால் தமிழ்ப்பிள்ளைக்கு உரோமன் எழுத்துவழி உள்ளீடே எளிதாகத் தோன்றலாம். கற்கும் காலம், வேகம், பிழை, தொடர்ந்த பயன்பாடு ஆகியவற்றை இவ்விரு சாராரிடமும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

முடிவுரை

அரசாணை ஒரு தரத்தை நிறுவலாம். அதன் தகுதியை நிறுவுவது மதிப்பீடே. எவ்விதி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, எங்கே தவறியது என்பன பதிவாகாவிடின், அடுத்த தலைமுறை அதே பிழைகளை மீண்டும் செய்து கற்க நேரும். அப்பதிவைத் தமிழியல் தன் ஆய்வாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.