பாடத்திட்டத்தை யார் எழுதுவது?

பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலைகளும் உண்டு. அவற்றின் கழிவுநீர் இறங்கிய இடங்களில் கிணற்று நீர் உவர்ந்துபோனது ஊரறிந்த செய்தி. அந்த நீரின் மின்கடத்துத் திறனை அளந்தால், கரைந்துள்ள உப்பின் அளவைத் தோராயமாகக் கணித்துவிடலாம். இளநிலை இயற்பியல் மாணவர் ஒரே பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய சோதனைதான். ஆனால் ஓர் ஆசிரியர் விரும்பியவுடனே இதைச் செய்முறைப் பாடத்தில் சேர்த்துவிட முடியுமா?

பல்கலைக்கழகத்துடன் இணைந்த சாதாரணக் கல்லூரியில் முடியாது. அங்கே பாடத்தை வகுப்பது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு. எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே திட்டம், ஒரே வினாத்தாள். ஆகவே, கருவிகள் மிகக் குறைந்த கல்லூரியாலும் செய்ய முடிந்த சோதனைகளே அதில் இடம்பெறும். மெல்ல நடப்பவருக்காகக் கூட்டம் முழுவதும் மெல்ல நடப்பது போன்றதுதான் இது.

இந்தக் கட்டைத் தளர்த்த, தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரலாம் என்று 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழு கூறியது. தமிழ்நாட்டில் 1978இல் அது நடைமுறைக்கு வந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியும் சென்னை லயோலா கல்லூரியும் முதல் அணியில் இருந்தன. தன்னாட்சிக் கல்லூரி பாடத்தைத் தானே வகுக்கும். தேர்வையும் தானே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமம் வேறு வழியில் சென்றது. 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையமாகத் தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பட்டமும் அதனுடையதே. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுடன் கிராம விரிவாக்கப் பணியையும் கல்வியின் அங்கமாக வைத்துக்கொள்ள இந்த உரிமை கைகொடுத்தது. மாணவர் கிராமத்தில் தங்கிக் கற்றதை அளக்க, எங்கிருந்தோ வரும் வினாத்தாளில் இடமேது?

மறுபக்கமும் உண்டு. கற்பிப்பவரும் வினா எடுப்பவரும் திருத்துபவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால், மதிப்பெண் தாராளமாக விழக்கூடும். சரக்கும் தராசும் கடைக்காரருடையவை அல்லவா? அதனால்தான் பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகப் பிரதிநிதியும் வெளி வல்லுநர்களும் வேண்டும் என்பது விதி. அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்திட்டுத் தேநீர் குடித்துப் போனால், விதி இருந்தும் பயனில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை 2009இல் ஆராய்ந்த டாண்டன் குழு, 44 நிறுவனங்கள் அத்தகுதிக்கு உரியவை அல்ல என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று.

இனி, பணம். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு, தரத்தில் முதல் வகையாக நின்ற பல்கலைக்கழகங்கள் தன் அனுமதியின்றியே புதிய படிப்புகளைத் தொடங்கலாம் என்றது; ஆனால் அதற்காக அரசிடம் பணம் கேட்கக்கூடாது என்றும் சொன்னது. அப்படியானால் செலவு மாணவரின் கட்டணத்திலிருந்துதான் வரவேண்டும். ஏழை மாணவருக்கு இது என்ன தன்னாட்சி?

கல்லூரி விளம்பரத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாடத்திட்டம் கடைசியாக எந்த ஆண்டு மாறியது? விடைத்தாளை வெளியார் எவரேனும் திருத்துகிறார்களா? புதிய படிப்புக்குக் கட்டணம் எவ்வளவு?