உங்களுக்குத் தெரியுமா? எது எதற்குப் பங்காளி!

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய உறவு. இதே சாயலில் இமயமலையில் ஓர் ஆடு உண்டு, ஓமன் பக்கத்து மலைகளில் இன்னொன்று உண்டு. மூன்றையும் வெகுகாலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது குட்டு உடைந்தது. இமயமலைக்காரர் வெள்ளாட்டுப் பக்கம், நம்மவர் செம்மறிப் பக்கம். செங்குத்துப் பாறையில் பிழைப்பு நடத்தியே மூன்றும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

★

புது இனம் உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றுதானே படித்தோம்? கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் இரண்டு மூன்று தலைமுறையே போதுமானதாக இருந்தது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். 1981-இல் அந்நிய ஆண் ஒன்று வந்து இறங்கியது. உடம்பு பெரிது, பாட்டும் வேறு. 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் எஸ்பன்யோலா தீவுக் குருவி அது என்பது பிற்பாடு மரபணுச் சோதனையில்தான் தெரிந்தது. உள்ளூர்ப் பெண்ணோடு அது ஜோடி சேர்ந்தது. பிறந்த ஆண்கள் அப்பன் பாட்டையே பாடின, அலகும் உள்ளூர் அளவுக்கு ஒத்துவரவில்லை. உள்ளூர்ப் பெண்கள் அவற்றைச் சட்டை செய்யாததால், வாரிசுகள் தங்களுக்குள்ளேயே ஜோடி தேடிக்கொண்டன. நடுவில் வந்த கடும் வறட்சியில் கூடப்பிறந்த ஆணும் பெண்ணுமாக இரண்டே இரண்டு மிஞ்சின. அந்த இரண்டிலிருந்து வம்சம் மறுபடி சுமார் 30 பறவைகளாகப் பெருகியது. ஆய்வு 2017-இல் வெளிவந்தது. இதைத் தனி இனம் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, சம்பந்தம் பண்ணுவது நின்ற அன்றே இனம் பிரிந்துவிட்டது என்றுதான் படுகிறது.

★

இனங்களைப் பிரிக்கக் கடல்தான் வேண்டும் என்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம்தான். அதற்கு வடக்கே நீலகிரிச் சோலைகளில் தரையோரம் இரை தேடும் நீலநிறச் சிறு பறவை ஓர் இனம். தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் இருப்பது வேறு இனம். குளிர்ந்த சோலையை விட்டு வெயில் காயும் தாழ்நிலத்தில் இறங்கவே இறங்காத பறவைக்கு அந்த 30 கிலோமீட்டர் போதும். 2017-இல் இவற்றுக்குக் கிடைத்த புதிய பேரினப் பெயர் ‘சோலிகோலா’. நம் சோலையேதான்!

★

மழைகூட இனத்தைப் பிரிக்கும். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே கிடக்கும் ஊதாத் தவளையை 2003-இல் கேரளத்திலிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் இந்தியாவிலேயே இல்லை, கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த காலத்து உறவு அது. 2017-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், தமிழ்நாட்டுப் பக்கம், அதன் உடன்பிறப்பு இனம் ஒன்று பதிவானது. ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையில் முட்டையிட வெளியே வருகிறது, இதுவோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. அப்புறம் இரண்டும் எப்போது சந்திப்பது?

★

முதலைக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய சொந்தம் பல்லியோ உடும்போ அல்ல, பறவைகள். காளானும் செடிகொடிகளைவிட நமக்குத்தான் கிட்டத்து உறவு.

★

திமிங்கிலத்தின் பூர்வீகத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு காது எலும்பு. காஷ்மீர்ப் பகுதியில் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்த பாறைகள், அவர் மறைவுக்குப் பிறகு அமெரிக்காவில் ஹான்ஸ் தெவிசனின் ஆய்வகத்துக்குப் போயின. அங்கே சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதி தவறுதலாக உடைந்தது. உள்ளே பார்த்தால், திமிங்கிலக் குடும்பத்துக்கே உரியதென்று நினைத்திருந்த தடித்த எலும்புச் சுவர்! எலும்புக்குச் சொந்தக்காரர் இண்டோஹையஸ், சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பூனையளவே உள்ள குளம்பு விலங்கு. 2007-இல் இது வெளியானது. இன்றுள்ள விலங்குகளில் திமிங்கிலத்துக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று மரபணு ஆய்வுகள் அதற்கு முன்பே சொல்லியிருந்தன.

★

சப்பாத்திக்கு மாவு தரும் கோதுமை ஒரு கலப்பினம். 28 குரோமோசோம் கொண்ட பழைய கோதுமையும் 14 குரோமோசோம் கொண்ட ஒரு காட்டுப் புல்லும் கலந்து 42 ஆனது. விவசாயம் தொடங்கிய பிறகு வயலோரத்தில் நடந்த சங்கதி இது.

★

உயிரினங்களின் உறவை மரமாக வரையும் வழக்கத்துக்குப் பேர்போன படம், டார்வின் 1837-இல் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய கிளைக்கோடுகள். அந்தக் குறிப்பேடும் இன்னொன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து காணாமல் போனது 2001-இல் தெரியவந்தது. எங்கோ மாற்றி வைத்திருப்பார்கள் என்றே வருடக்கணக்காக நம்பினார்கள். திருட்டாகத்தான் இருக்கும் என்று 2020-இல் பகிரங்கமாக அறிவித்தார்கள். 2022 மார்ச்சில் நூலகத்தின் நான்காம் மாடியில், கேமரா பார்வை படாத இடத்தில், இளஞ்சிவப்புப் பரிசுப் பை ஒன்று கிடந்தது. உள்ளே இரண்டு குறிப்பேடுகளும் பத்திரமாக இருந்தன. கூடவே, நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து!