சட்டைப் பையில் ஒரு சீட்டு

இது 1999 கார்கில் போரில் நடந்தது.

ஜூலை மாதம். இந்திய வீரர்கள் மீட்ட டைகர் ஹில் சிகரத்தைத் திரும்பப் பிடிக்க வந்து மோதி, அங்கேயே உயிரை விட்டார் ஒரு பாகிஸ்தான் அதிகாரி. கர்னல் ஷேர் கான். பெயரில்தான் கர்னல், பதவி கேப்டன்.

மலைமேல் இருப்பது தங்கள் ராணுவமே இல்லை என்று பாகிஸ்தான் சாதித்துக்கொண்டிருந்த நேரம் அது! இந்தியப் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, உடலைக் கீழே கொண்டுவரச் செய்தார். இவர் தீரத்தோடு போரிட்டார், உரிய மரியாதை தர வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, இறந்தவரின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார்.

ஷேர் கானுக்குப் பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-ஏ-ஹைதர் கிடைத்தது. அவரை வீழ்த்திய சத்பால் சிங்குக்கு இந்தியாவின் வீர் சக்ரா. அதற்கும் பரிந்துரைத்தவர் அதே பாஜ்வாதான்.