பால் கவர் போட்ட ரோடு!
காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல, முத்தியால்பேட்டையில நீங்க வீசிட்டுப் போற பால் கவர் ஒரு ரோட்டோட ஆயுளையே கூட்டும், தெரியுமா மக்களே?

வழி காட்டினவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஆர்.வாசுதேவன். ஜல்லியை 160 டிகிரி வாக்குல சூடாக்கி, பொடியா நறுக்கின பிளாஸ்டிக்கைத் தூவணும். அது உருகி, கல்லு மேல மெல்லிசா படியும். அப்புறம்தான் தார். மழைத்தண்ணி கல்லுக்கும் தாருக்கும் நடுவுல புகுந்து பிரிக்கிறதாலதானே ரோடு பல்லிளிக்குது? இந்தப் பூச்சு இருந்தா தண்ணி லேசுல நுழையாது.

2002-ல இதை எங்கே போட்டுப் பார்த்தார்? தன் காலேஜ் கேம்பஸுக்குள்ளேயே! (நம்ம கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டோட முடிஞ்சிடுது... ஹும்!) 2018-ல பத்மஸ்ரீ கிடைச்சது.

ஒரே கண்டிஷன்: பி.வி.சி. கலக்கவே கூடாது. சூட்டுல நச்சு வாயு கிளம்பும். பைப் துண்டு, வயரோட சேர்த்துக் கொட்டின மூட்டை ரோட்டுக்கு ஆகாது. உங்க கேன்டீன்ல பால் கவருக்குத் தனித் தொட்டி இருக்கா?