விளையாட்டுச் சாமானுக்கும் ஒரு வரலாறு உண்டு

மீன் டின்னுக்கு நாலு சோடா மூடியைச் சில்லாகப் பூட்டி, கயிறு கட்டி லயத்து வாசலில் இழுத்துக்கொண்டு போகும் பிள்ளையைப் பார்த்து, “கடையில ஒன்னு வாங்கிக் கொடுக்க முடியலையே” என்று மனம் வருந்தும் தாய்மார் நம்மிடையே பலர் உண்டு. அந்த வருத்தம் தேவையில்லை. அந்தப் பிள்ளை இழுத்துப் போவது உலகத்தின் மிகப் பழைய விளையாட்டுச் சாமான்களில் ஒன்று.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஹரப்பா, மொகஞ்சதாரோ என்ற பழைய நகரங்களைத் தோண்டியபோது, சுட்ட மண்ணால் செய்த குட்டி மாட்டு வண்டிகளும், ஊதினால் சத்தம் போடும் மண் குருவிகளும் கிடைத்தன. வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகள். தமிழிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சில்லுச் சிறுதேர் உருட்டி விளையாடியதைச் சங்க நூலான பட்டினப்பாலை சொல்கிறது.

இதைவிட ஆச்சரியம் மெக்சிகோவில். அங்கே பழங்கால மக்கள் மண்ணால் நாய் போன்ற மிருகங்களைச் செய்து, காலடியில் நாலு சில்லும் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே மக்கள் சாமான் ஏற்ற வண்டி வைத்திருக்கவில்லை. வண்டி இழுக்க மாடோ குதிரையோ அந்த நாட்டில் அப்போது இல்லை. சுமையெல்லாம் மனுஷன் முதுகில்தான். சில்லு தெரிந்தும் முதுகில் சுமந்தார்கள் என்றால், கொழுந்துக் கூடை சுமந்தவர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி, கரடிப் பொம்மையின் கதை. ஜெர்மனியில் 1847இல் பிறந்தவர் மார்கரெட்டா ஸ்டைஃப். குழந்தையாக இருக்கும்போதே இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் விளங்காமல் போயிற்று. வலது கையும் பலவீனம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தையல் தொழில் செய்தார். 1880 அளவில் ஊசி குத்தி வைப்பதற்காகத் துணியில் சிறு யானைகள் தைத்தார். பெரியவர்கள் அதில் ஊசி குத்துவதற்கு முன்பே பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்! அப்படி ஆரம்பித்ததுதான் அவருடைய பொம்மைத் தொழிற்சாலை. கை கால் அசையும் கரடியை அவருடைய மருமகன் முறையான ரிச்சர்ட் 1902இல் வடிவமைத்தார். 1907இல் அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான கரடிகள் தைக்கப்பட்டன.

அந்தக் கரடிக்கு ‘டெடி’ என்று பேர் வந்தது அமெரிக்காவில். 1902 நவம்பரில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போனார். கூடப்போனவர்கள் ஒரு கரடியை மரத்தில் கட்டிவைத்து, “சுடுங்கள்” என்றார்கள். கட்டிப்போட்டதைச் சுடமாட்டேன் என்று அவர் மறுத்தார். பத்திரிகையில் அது கேலிச்சித்திரமாக வர, நியூயோர்க்கில் ஒரு கடைக்காரரும் மனைவியும் கரடி தைத்து, ஜனாதிபதியின் செல்லப் பேரை வைத்து விற்றார்கள். காயம்பட்ட அந்தக் கரடியை, வேதனை தீரட்டும் என்று பிறகு கத்தியால் கொன்றுவிட்டார்கள் என்பதைச் சித்திரம் சொல்லவில்லை.

பிள்ளைகள் உருட்டிப் பிசையும் கலர் மாவு, முதலில் சுவர்க் காகிதத்தில் படிந்த கரிப்புகையைத் துடைக்க விற்கப்பட்ட மாவு. நிலக்கரி அடுப்புகள் குறைந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்க, 1956இல் அது விளையாட்டுச் சாமானாகிவிட்டது. நம்ம பிள்ளை மடுவத்திலும் இதைச் செய்யலாம்: இரண்டு கோப்பை கோதுமை மாவு, ஒரு கோப்பை உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், பிசைகிற அளவுக்குத் தண்ணீர். கலருக்கு மஞ்சள் தூள் போதும். உப்பு அதிகம், ஆகவே தின்னவிடக் கூடாது.

வரலாற்றில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பல பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாத நோய் வந்தது. வீட்டு விறாந்தைக் கம்பிகளில் பூசிய பெயின்ட் வெயிலில் பொடியாகி, கையில் ஒட்டி, வாய்க்குள் போகிறது. அதிலுள்ள ஈயமே நஞ்சு என்று 1904இல் லொக்ஹார்ட் கிப்சன் என்ற டொக்டர் எழுதினார். அங்கே சட்டம் வர 1922 ஆயிற்று. அதோடு முடிந்ததா? 2007இல் மட்டேல் என்ற பெரிய கம்பனியே, பெயின்டில் ஈயம் இருந்ததால் இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று.

ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. இரத்தச்சோகை உள்ள பிள்ளையின் உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதை நாம் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். பளபளப்பைப் பார்த்து ஈயம் இருக்கா, இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் பெயின்ட் உரியும் பழைய பொம்மையைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். பெயின்ட் இல்லாத மரக்கட்டை எவ்வளவோ மேல்.

பழைய சேலைத் துண்டில் பொம்மை தைக்கும்போது கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். சுமார் 3 சென்டிமீற்றர் வாயுள்ள குழாய்க்குள் முழுசாக இறங்கும் எந்தச் சாமானும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம்.

திருவிழாக் கடையில் வாங்கும், பாட்டுப் பாடும் பொம்மைக்குள் பொத்தான் மாதிரி ஒரு குட்டி பெட்டரி இருக்கும். அதன் மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கா என்று பாருங்கள். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டே மணித்தியாலத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தியெடுக்க வைக்காதீர்கள், விடியட்டும், லொறி வரட்டும் என்று காத்திருக்காமல் கிடைக்கிற வாகனத்தில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், “பெட்டரி விழுங்கியிருக்கு” என்று வாசலிலேயே சொல்லுங்கள்.